‘தியேட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருள் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

‘தியேட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழாய்வுகளில் பெரும்பாலும் ‘நாடகம்’ என்றே பெயர்க்கப்படுகிறது. அச்சொல்லின் கிரேக்க மூலம் ‘காணும் இடம்’ என்னும் பொருளுடையது. ஆடுபவரையோ பிரதியையோ அன்றிக் காண்பவரை மையமாகக் கொண்ட அப்பொருள், ஆங்கிலத்தில் அச்சொல் பெற்ற கட்டடம், கலை, அறுவை, போர் ஆகிய பொருள்களிலும் தொடர்வதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘டிராமா’, ‘தியேட்டர்’ என்னும் இரு சொற்களையும் ‘நாடகம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது, தமிழ் நிகழ்த்து மரபின் வரலாற்றை எழுதுவதில் எவ்வகைச் சான்றுகளை விலக்கிவிடுகிறது என்பதையும் சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தியேட்டர், டிராமா, நாடகம், அரங்கு, பார்வையாளர், சொற்பொருள் மாற்றம், கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொல் பெயரும்போது அதன் பொருள்கள் அனைத்தும் உடன் பெயர்வதில்லை. ‘தியேட்டர்’ என்னும் சொல் இதற்குச் சிறந்த சான்றாகும். தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘தியேட்டர்’ என்றால் திரைப்படம் காட்டும் கொட்டகை. மருத்துவமனையில் அதுவே அறுவை நடைபெறும் அறை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் தலைமைப் பொருளாக விளங்கும் நிகழ்த்துகலை என்னும் பொருளில் தமிழ்ப் பேச்சு வழக்கு அதனைப் பெரிதும் ஆள்வதில்லை. அப்பொருள் தேவைப்படும் இடங்களில் எழுத்துத்தமிழ் ‘நாடகம்’ என்னும் சொல்லை நாடுகிறது. ‘டிராமா’ என்பதற்கும் அதே சொல்தான் நிகராக வழங்குகிறது. இரு வேறு கருத்தாக்கங்கள் ஒரே சொல்லுக்குள் அடங்கும்போது அவற்றுள் ஒன்று மறைந்துபோவது இயல்பு. மறைவது எது என்பதை அறிய, ‘தியேட்டர்’ என்னும் சொல்லின் வரலாற்றை முதலில் காண்பது இன்றியமையாதது.

2. கிரேக்க மூலம்: காணும் இடம்

ஆங்கிலச் சொல்லின் மூலம் ‘தெயாட்ரோன்’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். ‘காணுதல்’, ‘ஊன்றி நோக்குதல்’ என்னும் பொருள் தரும் வினையடியோடு, கருவியையோ இடத்தையோ குறிக்கும் விகுதி சேர்ந்து அச்சொல் உருவாயிற்று. ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் அமைந்த தியோனிசஸ் அரங்கில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயர் இருந்தது. பாடற்குழுவினர் ஆடிய வட்டவெளி ‘ஓர்கெஸ்த்ரா’. அதற்கு ‘ஆடும் இடம்’ என்பது பொருள். நடிகர்கள் உடை மாற்றிக்கொள்ளப் பின்புறம் அமைந்தது ‘ஸ்கேனே’. அதன் பொருள் ‘கூடாரம்’ அல்லது ‘குடில்’. ஆங்கிலத்தில் காட்சியைக் குறிக்கும் ‘சீன்’ என்னும் சொல் இதிலிருந்தே வந்தது. மக்கள் அமர்ந்து பார்த்த குன்றுச்சரிவுதான் ‘தெயாட்ரோன்’. இம்மூன்று உறுப்புகளுள் ஆடும் இடத்தின் பெயரோ, உடை மாற்றும் இடத்தின் பெயரோ முழுக் கட்டமைப்புக்கும் பெயராகவில்லை. காண்போர் அமர்ந்த இடத்தின் பெயரே முழுமைக்கும் ஆகிவந்தது.

அச்சொல் இடத்தை மட்டுமன்றி அங்கே கூடியிருந்த மக்களையும் குறித்தது. பாரசீகர் மிலேட்டஸ் நகரைக் கைப்பற்றிய துயர நிகழ்வை ஃப்ரினிக்கஸ் என்னும் கவிஞர் நாடகமாக்கி அரங்கேற்றியபோது நிகழ்ந்ததை ஹெரோடோட்டஸ் தம் வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் பதிவுசெய்துள்ளார். தெயாட்ரோன் கண்ணீர் விட்டு அழுதது என்பது அவர் தரும் செய்தி. தம் உறவுடைய மக்களின் அழிவை நினைவூட்டியமைக்காக அக்கவிஞருக்கு ஏதென்ஸ் மக்கள் 1000 திரக்மா தண்டம் விதித்தனர். இங்கே அழுதது கட்டடமன்று, கூடியிருந்த மக்கள். ‘ஊர் சிரித்தது’ என்று தமிழில் கூறுவதைப் போன்ற இடவாகுபெயர் இது. புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் நான்காம் இயலில் அதே சொல் ‘காட்சிப்பொருள்’ என்னும் பொருளில் வருகிறது. இவ்வாறு காணும் இடம், காணும் மக்கள், காணப்படும் பொருள் ஆகிய மூன்றையும் குறித்த அச்சொல், மூன்றிலும் காட்சி என்னும் வேர்ப்பொருளை விடாது பற்றியிருந்தது. ‘கோட்பாடு’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘தியரி’ என்னும் சொல்லும் காட்சிப்பொருள் தரும் இதே சொற்குடும்பத்தைச் சார்ந்தது என்பது கருதத்தக்கது.

3. ‘டிராமா’வும் ‘தியேட்ட’ரும்

‘டிராமா’ என்னும் சொல் ‘செய்தல்’ என்னும் பொருளுடைய மற்றொரு கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலின் மூன்றாம் இயலில் இத்தொடர்பைக் குறிப்பிடுகிறார். ஆகவே ஒன்று செயலின் பெயர். மற்றொன்று காட்சியின் பெயர். செயலை எழுதி வைக்கலாம். அது பிரதியாக நிலைபெறும். காண்பதற்கு ஓர் இடமும் ஒரு பொழுதும் காணும் மக்களும் வேண்டும். கூட்டம் கலைந்ததும் அது முடிந்துவிடும்.

இவ்விரண்டனுள் எது முதன்மையானது என்னும் வினாவும் பழமையானதே. துன்பியல் நாடகத்தின் ஆறு உறுப்புகளை வகுத்த அரிஸ்டாட்டில், காட்சியமைப்பை அவற்றுள் கவிதைக்கலைக்கு மிகக் குறைந்த தொடர்புடையதாகக் கருதினார். நடிப்பும் நடிகரும் இன்றியே துன்பியல் தன் ஆற்றலை வெளிப்படுத்தும் என்பது அவர் கருத்து. நாடகத்தை இலக்கிய வகையாகவே பயிலும் மரபுக்கு இக்கருத்து அடித்தளமாயிற்று. அதற்கு நேர்மாறாக, 20ஆம் நூற்றாண்டில் பீட்டர் புரூக் 1968இல் வெளியிட்ட ‘வெற்று வெளி’ என்னும் நூலில், ஒருவர் ஒரு வெற்றிடத்தைக் கடந்து செல்வதும் அதனை மற்றொருவர் பார்ப்பதுமே தியேட்டர் நிகழப் போதுமானவை என்றார். அவர் கூறிய அடிப்படைத் தேவைகளுள் பிரதி இல்லை, பார்ப்பவர் உண்டு. அறிந்தோ அறியாமலோ அவ்வரையறை கிரேக்க வேர்ப்பொருளுக்கே திரும்புகிறது.

4. ஆங்கிலத்தில் அச்சொல்லின் வருகை

கிரேக்கச் சொல் இலத்தீனில் ‘தியாட்ரும்’ என வழங்கிப் பழைய பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. அக்காலத்தில் அது தொன்மைக்கால அரங்குகளையும் அவற்றை ஒத்த வட்டவெளிகளையும் குறித்தது. சாசரின் ‘கான்டர்பரிக் கதைக’ளுள் முதலாவதான வீரன் கதையில் தீசியஸ் மன்னன் எழுப்பும் போட்டிக்களத்திற்கு அச்சொல் ஆளப்படுகிறது. அங்கே நிகழ்வது நாடகம் அன்று, படைக்கலப் போர். ஆயினும் ஒருவர் மற்றவர் பார்வையை மறைக்காதவாறு இருக்கைகள் படிப்படியாக அமைந்திருந்ததைச் சாசர் குறிப்பாக எடுத்துரைக்கிறார். நாடகத்தோடு தொடர்பில்லாத இடத்திலும் காணுதல் என்னும் பொருள் தெளிவாக நிற்கிறது.

இங்கிலாந்தில் நாடகம் நிகழ்த்தப்பட்ட இடங்களைக் குறிக்க ‘பிளேஹவுஸ்’ போன்ற ஆங்கிலச் சொற்கள் வழங்கின. விடுதி முற்றங்களிலும் செல்வர் மாளிகைக் கூடங்களிலும் நாடகங்கள் நடைபெற்றுவந்தன. 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் என்னும் நடிகர், லண்டன் மாநகர ஆட்சியின் எல்லைக்கு வெளியே ஷோர்டிச் பகுதியில் நாடகங்களுக்கெனவே ஒரு கட்டடத்தை எழுப்பி, அதற்குத் ‘தி தியேட்டர்’ என்றே பெயரிட்டார். தொன்மைப் பெருமை கருதிச் சூட்டப்பட்ட சிறப்புப் பெயர் அது. நிலக் குத்தகை தொடர்பான பூசலின் விளைவாக 1598 டிசம்பரில் அக்கட்டடம் பிரிக்கப்பட்டு, அதன் மரங்களைக் கொண்டு தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1599இல் குளோப் அரங்கு எழுப்பப்பட்டது. கட்டடம் மறைந்தபின்னும் பெயர் மறையவில்லை. ஒரு கட்டடத்தின் தனிப்பெயராக இருந்தது காலப்போக்கில் அவ்வகைக் கட்டடங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. பின்னர் அங்கே நிகழும் கலையும், அக்கலையைச் சார்ந்த தொழிலும், ஒரு காலத்தின் அல்லது நாட்டின் நாடகத் தொகுதியும் அதே பெயரைப் பெற்றன.

5. நாடகத்திற்கு அப்பால்

காணுதல் என்னும் வேர்ப்பொருளே அச்சொல்லை நாடகத்துக்கு அப்பாற்பட்ட துறைகளுக்கும் கொண்டுசென்றது. ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570இல் வெளியிட்ட நிலப்படத் தொகுதியின் இலத்தீன் தலைப்பு ‘உலகின் தியேட்டர்’ எனப் பொருள்படும். உலகம் முழுவதையும் ஓரிடத்திலிருந்து காணச்செய்வது என்பதே அத்தலைப்பின் கருத்து.

மருத்துவத் துறையில் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூற்றியலுக்கென நிலையான அரங்கு ஒன்று கட்டப்பட்டது. நடுவில் பிணமேசை, அதனைச் சுற்றி மேல்நோக்கி எழும் படிவட்டங்களில் மாணவர்கள் நின்று பார்த்தனர். லண்டனில் தூய தாமஸ் மருத்துவமனையைச் சார்ந்த தேவாலயத்தின் மேல்மாடத்தில் 1822இல் அமைக்கப்பட்ட அறுவை அரங்கு இன்றும் அருங்காட்சியகமாக நிலைத்திருக்கிறது. அங்கும் நோயாளி கிடந்த மேசையைச் சுற்றி மாணவர்கள் நிற்கும் படிகள் உள்ளன. பின்னாளில் நோய்த்தொற்றைத் தடுக்கும் முறைகள் வளர்ந்தபோது பார்வையாளர் வெளியேற்றப்பட்டனர், படிகள் நீக்கப்பட்டன, பெயர் மட்டும் எஞ்சியது. இன்று பிரித்தானிய ஆங்கிலத்தில் அறுவை நடைபெறும் அறை ‘ஆப்பரேட்டிங் தியேட்டர்’ எனவும், அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஆப்பரேட்டிங் ரூம்’ எனவும் வழங்குகிறது. விரிவுரைக்கான படியடுக்குக் கூடத்தை ‘லெக்சர் தியேட்டர்’ என்று அழைப்பதற்கும் காரணம் இதுவே.

போரியலில் ‘தியேட்டர்’ என்பது போர் நிகழும் பெரும்பரப்பைக் குறிக்கும். கிளாவுசெவிட்ஸ் தம் ‘போர் பற்றி’ என்னும் ஜெர்மானிய நூலில் இதற்கு நிகரான சொல்லைக் கலைச்சொல்லாக வரையறுத்துள்ளார். போர் முழுவதன் பரப்பில் தனக்கெனக் காப்புடைய எல்லைகளும் ஓரளவு தற்சார்பும் கொண்ட பகுதியே அவ்வாறு அழைக்கப்படும். எனவே இதனைப் ‘போர்க்களம்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. களம் என்பது படைகள் நேர்நின்று பொரும் இடம். ‘தியேட்டர்’ பல களங்களை உள்ளடக்கியது. ‘போரரங்கு’ என்பது பொருத்தமான நிகராகும்.

இவற்றோடு இகழ்ச்சிப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ‘தியேட்ரிக்கல்’ என்னும் பெயரடை ‘மிகையான’, ‘போலியான’ என்னும் பொருள்களைப் பெற்றது. பயன் குறைந்தும் பாதுகாப்பு இருப்பதாகத் தோற்றம் தருகின்ற சோதனை முறைகளைப் புரூஸ் ஷ்னையர் என்னும் பாதுகாப்பு வல்லுநர் ‘செக்யூரிட்டி தியேட்டர்’ என்றார். இத்தகைய இடங்களில் ‘நாடகம்’ என்னும் தமிழ்ச்சொல் மிகப் பொருந்துகிறது. ‘நாடகமாடுகிறான்’ என்னும் வழக்கும் இதே பொருளைத்தான் தருகிறது.

6. இக்கால வழக்கின் நுட்பங்கள்

ஆங்கிலத்தில் அச்சொல் நிற்கும் இலக்கண நிலையே அதன் பொருளைத் தெரிவிக்கும். எண்ணப்படும் பெயராக நின்றால் அது கட்டடம். சுட்டிடைச்சொல் பெற்று ஒருமையில் நின்றால் பெரும்பாலும் நாடகத்துறை என்னும் நிறுவனத்தைக் குறிக்கும். இடைச்சொல் இன்றி எண்ணப்படாப் பெயராக நின்றால் அது கலை. அடைமொழி பெற்றால் அக்கலையின் ஒரு போக்கைக் குறிக்கும். பிரெக்டின் ‘எபிக் தியேட்டர்’, குரோட்டோவ்ஸ்கியின் ‘புவர் தியேட்டர்’, பாதல் சர்க்காரின் ‘தேர்ட் தியேட்டர்’ என்பன இவ்வகையின. மொழிபெயர்ப்பாளர் இந்நான்கு நிலைகளையும் பகுத்தறிந்தே சொல்லைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

எழுத்து முறையிலும் வேறுபாடு உண்டு. இறுதி இரண்டு எழுத்துகளை மாற்றி எழுதும் அமெரிக்க முறை, நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதியால் வலுப்பெற்றது. ஆயினும் அவ்வடிவம் வெப்ஸ்டரின் படைப்பன்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலேயே அது வழக்கில் இருந்தது. திரைப்படம் காட்டும் இடத்தை அமெரிக்கர் ‘மூவி தியேட்டர்’ என்பர். பிரித்தானியர் ‘சினிமா’ என்பர்.

7. தமிழில் அச்சொல்லும் அதன் நிகரன்களும்

தமிழகத்தில் அச்சொல் நிலைபெறத் திரைப்படமே பெருங்காரணமாயிற்று. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் படக்காட்சிக்கெனத் தொடங்கப்பட்ட கட்டடம் ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அதே காலத்தில் செழித்திருந்த நாடகத் தொழில் ‘சபா’, ‘கம்பெனி’, ‘மேடை’, ‘கொட்டகை’ என்னும் சொற்களால் தன்னைக் குறித்துக்கொண்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் தன்வரலாற்று நூலின் பெயர் ‘நாடக மேடை நினைவுகள்’ என்பதாகும். ஆகவே ‘தியேட்டர்’ என்னும் சொல் தமிழுக்கு வந்தபோது நாடகக்கலைக்கு ஏற்கெனவே பெயர்கள் இருந்தன. பெயரின்றிப் புதிதாக வந்த திரைக் கொட்டகைக்கும் அறுவை அறைக்கும் அச்சொல் பயன்பட்டது.

‘அரங்கு’ பழந்தமிழ்ச் சொல்லாகும். திருக்குறளின் 401ஆம் குறளில் அது வட்டாடுவதற்கு வரையப்படும் கட்டத்தைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவுகளாக 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்பவற்றையும், மூவகை எழினிகளையும் கூறுகிறது. இவ்வளவுகள் யாவும் ஆடும் இடத்தின் அளவுகள். கிரேக்கச் சொல் காண்போர் இடத்திலிருந்து தொடங்க, தமிழ்ச்சொல் ஆடுவோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. வடமொழி நாட்டிய சாத்திரம் வழங்கும் ‘பிரேக்ஷாகிருகம்’ என்னும் சொல்லோ ‘காணும் இல்லம்’ எனப் பொருள்பட்டுக் கிரேக்கச் சொல்லோடு ஒத்து நிற்கிறது. தொடக்கம் வேறாயினும், ‘அரங்கு’ இடத்தின் பெயர் என்பதால் நிகழ்வையும் அங்கே கூடும் மக்களையும் உள்ளடக்கி விரியும் ஆற்றல் அதற்கு உண்டு. ‘அரங்கம் அதிர்ந்தது’ என்னும் இக்கால வழக்கில் அதிர்வது பார்வையாளரின் கைதட்டல். ஹெரோடோட்டஸ் குறித்த ஆகுபெயரின் இணையை இங்கே காண்கிறோம்.

இலங்கையில் உயர்தரப் பாடமொன்று ‘நாடகமும் அரங்கியலும்’ எனப் பெயர் பெற்றுள்ளது. பிரதியையும் நிகழ்வையும் வேறுபடுத்தும் இரு சொற்கள் அங்கே கல்விப்புலத்திலேயே நிலைபெற்றுள்ளன. அவ்வேறுபாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மார்ட்டின் எஸ்லின் 1961இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ள ‘தியேட்டர் ஆஃப் தி அப்சர்ட்’ என்னும் தொடரை ‘அபத்த நாடகம்’ என்பதால் பெரும் இழப்பில்லை. அந்நூல் பெக்கெட், அயனெஸ்கோ முதலிய நாடகாசிரியர்களின் படைப்புகளைப் பற்றியது. ஆனால் அகஸ்டோ போவாலின் ‘தியேட்டர் ஆஃப் தி ஒப்ரஸ்டு’ என்பதை ‘ஒடுக்கப்பட்டோர் நாடகம்’ என்றால், ஒடுக்கப்பட்டோரைப் பற்றிய நாடகப் பிரதி என்னும் பொருளே முந்துகிறது. போவாலின் முயற்சி அதுவன்று. பார்வையாளர் எழுந்து வந்து நிகழ்வை மாற்றும் உரிமை பெறுவதே அவர் கொள்கையின் உயிர். அதனை ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்பதே பொருந்தும்.

8. சொல்லும் சான்றும்

இச்சொற்றெரிவு மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவதில்லை, வரலாற்றெழுத்தையும் பாதிக்கிறது. முத்தமிழுள் ஒன்றாக நாடகம் எண்ணப்பட்டும் பழந்தமிழ் நாடகப் பிரதிகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பழந்தமிழகத்தில் நாடகம் செழித்திருந்ததா என்னும் ஐயம் எழுப்பப்படுகிறது. வினா ‘டிராமா’வைப் பற்றியதாயின் அவ்வையம் முறையானதே, ‘தியேட்ட’ரைப் பற்றியதாயின் சான்றுகள் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இராசராசேசுவர நாடகம் நிகழ்த்துவோருக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அந்நாடகத்தின் பிரதி கிடைக்கவில்லை. பிரதியைத் தேடும் ஆய்வாளருக்கு அது இழந்துபோன ஒரு நூல். அரங்கைத் தேடும் ஆய்வாளருக்கோ நிகழ்த்திய இடம், நிகழ்த்தியவர் பெற்ற ஊதியம், அதனை வழங்கிய நிறுவனம் ஆகிய அனைத்தும் கல்லில் கிடைக்கின்றன.

வாழும் கூத்து மரபுக்கும் இது பொருந்தும். அச்சிட்ட கூத்துப் பிரதியை மட்டும் ஆராய்ந்தால் இரவு முழுவதும் நீளும் நிகழ்வின் ஒரு பகுதியே கைக்கு வரும். மட்டக்களப்பின் வட்டக்களரியில் மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருந்து பார்க்கும் முறை, ஆட்டத்தின் சுழற்சியையும் திசைமாற்றத்தையும் தீர்மானிக்கிறது. அதனைப் பிரதியின் பக்கங்களில் காண இயலாது.

9. முடிவுரை

‘தியேட்டர்’ என்னும் சொல் கிரேக்கத்தில் காண்போர் அமர்ந்த சரிவாகத் தொடங்கி, ஆங்கிலத்தில் கட்டடமாகவும் கலையாகவும் அறுவை அறையாகவும் போர்ப்பரப்பாகவும் விரிந்தது. இப்பொருள்களுள் பெரும்பாலானவற்றை இணைப்பது காணுதல் என்னும் வேர்ப்பொருளே. இதனடிப்படையில், எழுதப்பட்ட ஆக்கத்தைக் குறிக்குமிடத்து ‘நாடகம்’ என்றும், நிகழ்வு, இடம், பார்வையாளர் ஆகியவற்றின் கூட்டைக் குறிக்குமிடத்து ‘அரங்கு’ என்றும், அதனைப் பயிலும் துறையை ‘அரங்கியல்’ என்றும் ஆள்வது தமிழாய்வுக்கு ஏற்றதாகும். போலிமையைச் சுட்டுமிடத்து ‘நாடகம்’ என்பதே நிற்கலாம். திரைக்கொட்டகையைக் குறிக்கும் ‘தியேட்டர்’ மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது. அதனை விலக்க வேண்டிய தேவையில்லை. ஆய்வுமொழியில் ‘நாடகம்’, ‘அரங்கு’ என்னும் இரு சொற்களையும் பிரித்தாளும்போது, பிரதி கிடைக்காத காலங்களைப் பற்றியும் நாம் கேட்கத்தக்க வினாக்கள் பல உள்ளன என்பது புலனாகும்.